காற்றாலைகளை வளைவாக நிறுத்திய நகரம்

"சார், காற்றாலைன்னா புகை இல்லாத மின்சாரம்தானே? அதைப் போய் ஏன் அங்க உள்ளவங்க வேணாம்னு சொல்றாங்க?" படிவம் ஐந்து மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. தேர்வுத்தாள்களில் இதற்கு வழக்கமாக வரும் பதில், 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்பதுதான். ஒரே வரியில முடிச்சிடலாம். ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

கதை கலிபோர்னியாவில் தொடங்குகிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அமெரிக்க மத்திய அரசும் கலிபோர்னியா மாநில அரசும் காற்றாலை முதலீட்டுக்கு வரிச்சலுகை கொடுத்தன. மத்திய அரசின் சலுகை 1985 இறுதியோடு முடிந்தது. அதற்குள் நட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள ஆல்டமோன்ட் கணவாயில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் முளைத்தன. ஒன்று உயரம், பக்கத்தில் இருப்பது குட்டை. ஒன்றுக்கு இரண்டு இறக்கை, மற்றதற்கு மூன்று. ஒரு பக்கம் கம்பிச்சட்டக் கோபுரம், இன்னொரு பக்கம் குழாய்த் தூண். நடுவுல பழுதாகி நின்னுபோனது வேற. புல்வெளிக் குன்றுகள் பழைய இரும்புக் கடை மாதிரி ஆகிவிட்டன.

இந்த இடத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ராபர்ட் தேயர், கார்லா ஃபிரீமன் என்ற இருவர் ஆராய்ந்து 1987-இல் வெளியிட்டார்கள். பிடிக்கவில்லை என்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னார்கள்: நெரிசலாக இருக்கிறது, அழகில்லை. பிடிக்கிறது என்றவர்களோ, அது எதைக் குறிக்கிறது என்பதைச் சொன்னார்கள்: முன்னேற்றம், இயற்கை ஆற்றல். கவனிச்சீங்களா? இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவே இல்லை!

கோப்பன்ஹேகனில் இந்த இரண்டு பேச்சும் ஒரே மேசைக்கு வந்தன. டென்மார்க் தலைநகரின் துறைமுகத்துக்கு வெளியே மிடல்குருண்டன் என்ற ஆழமில்லாத கடல்மேடு இருக்கிறது. ஒரு காலத்தில் துறைமுகச் சேறும் கழிவும் கொட்டப்பட்ட இடம். அங்கே 27 காற்றாலைகளை மூன்று வரிசையாக நிறுத்துவது என்பதுதான் 1990களின் நடுவில் வந்த முதல் திட்டம். மக்கள் கருத்துக் கேட்பில் அந்த அமைப்புக்கு எதிர்ப்பு வந்தது. மூன்று வரிசையைக் கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் தூண்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். இறக்கைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றும். கண்ணுக்கு ஒழுங்கே பிடிபடாது. ஆல்டமோன்டின் அதே சிக்கல்தான்.

திட்டம் மாறியது. கரையிலிருந்து எப்படித் தெரியும் என்று புகைப்படத்தில் காற்றாலைகளைச் சேர்த்துக் காட்டினார்கள். எண்ணிக்கை 20 ஆகக் குறைந்தது. ஒவ்வொன்றும் 2 மெகாவாட். மூன்று வரிசை போய், சுமார் 3.4 கிலோமீட்டர் நீளத்தில் ஒரே வளைவு வந்தது. நகரத்தின் மேற்குப் பக்கம் இருந்த பழைய கோட்டை அரண்கள் வளைவாக அமைந்தவை. அந்த வளைவின் தொடர்ச்சி போலக் காற்றாலைகளை நிறுத்தினார்கள். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். புதுசை ஊரின் பழைய வடிவத்தோடு கோத்துவிட்டார்கள். இறக்கை நுனிவரை 102 மீட்டர் உயரம். அதை ஒளித்து வைக்க முடியாது, ஒளிக்கவும் முயலவில்லை.

இதற்கு விலையும் உண்டு. ஒரே வரியில் அடக்குவதற்காகக் காற்றாலைகளுக்கு இடையே சுமார் 180 மீட்டர் மட்டுமே விட்டார்கள். சுழலியின் விட்டமோ 76 மீட்டர். காற்று வரிசையின் நீளவாக்கில் அடிக்கும்போது முன்னால் உள்ளது பின்னால் உள்ளதன் காற்றைத் திருடிக்கொள்ளும், மின்சாரம் குறையும். அழகுக்காக இந்த இழப்பை ஏற்றார்கள். தேர்வில் 'நன்மை தீமை' கேட்டால் இதைத் தாராளமாக எழுதலாம்.

2000 இறுதியில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அவற்றில் பாதி, அதாவது பத்து, 8,500க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம். தன் பங்கு அங்கே சுற்றுகிறது என்று தெரிந்தவர் பார்க்கும் பார்வையே வேறுதானே!

அதற்கு அடுத்த ஆண்டு, 2001-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் 'கேப் விண்ட்' திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்டக்கெட் நீரிணையில் 130 காற்றாலைகள். எதிர்த்தவர்களில் செனட்டர் எட்வர்ட் கென்னடியும் ஒருவர். அவர் குடும்ப வீடு அந்தக் கரையில்தான் இருந்தது. பணக்காரர்களின் சுயநலம் என்று பலர் எழுதினார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் வாம்பனோக் பழங்குடியினரும் எதிர்த்தார்கள். அந்தக் கடல்மேல் சூரியன் உதிப்பதைத் தடையின்றிப் பார்ப்பது அவர்களுடைய சடங்கின் ஒரு பகுதி. 'காட்சி' என்ற சொல்லை வெறும் அழகு என்று எடுத்துக்கொண்டால் இந்த எதிர்ப்பு நமக்குப் புரியவே புரியாது. வழக்குமேல் வழக்காக இழுத்து, 2017-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு காற்றாலைகூட நடப்படவில்லை.

வகுப்பில் செய்து பார்க்க ஒன்று: பத்துப் பென்சில்களைக் களிமண்ணில் மூன்று வரிசையாக நட்டு, மேசை விளிம்பளவுக்குக் கண்ணைத் தாழ்த்தி நாலு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே பத்தையும் ஒரே வளைவாக நடச் சொல்லுங்கள். முதல் கேள்வி கேட்ட மாணவியிடமே வித்தியாசத்தைச் சொல்லச் சொன்னேன். "இப்ப எண்ண முடியுது சார்," என்றார்.