பதினாறு காசுப் படமும் பயந்த அரசும்

லண்டனிலும் பாரிஸிலும் உள்ள பெரிய அருங்காட்சியகங்களில் இன்று மங்கலான ஒளியில், கண்ணாடிக்குப் பின்னால் காத்து வைக்கப்பட்டிருக்கும் ஜப்பானிய மர அச்சுப் படங்கள், பிறந்த ஊரில் கடைவாசலில் தொங்கவிட்டு விற்கப்பட்ட மலிவுச் சரக்குகளே. நம் இடியாப்பம்போல் நூல் நூலாக இருக்கும் சோபா என்னும் உணவு அந்நாட்டில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதில் ஒரு கிண்ணத்தின் விலை பதினாறு செப்புக்காசு. ஏறக்குறைய அதே விலைக்கு ஒரு வண்ணப்படத்தை வாங்கிச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்ப ஒரு கூலித் தொழிலாளியால் முடிந்தது.

இத்தகைய தாளைக் கண்டு, இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்த ஓர் அரசு அஞ்சியது என்றால் நம்ப முடிகிறதா? அஞ்சியது. ஆணைமேல் ஆணை பிறப்பித்தது, ஓவியரைக் கைவிலங்கிட்டது, பலகைகளைச் சீவி எறிந்தது. அக்கதையை அறியாமல் அப்படங்களை வெறும் அழகுப் பொருளாகக் காண்பது, கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்தின் வடிவை மட்டும் பாராட்டுவது போன்றதாகும்.

தோக்குகாவா குடும்பத்தார் 1603இல் ஷோகுன் பட்டம் பெற்று எதோ நகரைத் தலைமையிடமாக்கினர். அதுவே இன்றைய டோக்கியோ. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். சமூகப் படிநிலையில் வாளேந்திய சாமுராய் முதலிடத்தில் இருந்தார். வணிகர் கடைசியில் நிறுத்தப்பட்டார். ஆனால் பணம் கீழே உள்ளவரிடம் சேர்ந்தது. ஆட்சியில் பங்கு கிடையாது, மேற்படிக்கு ஏறவும் வழி கிடையாது என்ற நிலையில், அந்தப் பணம் கபூக்கி நாடகக் கொட்டகையிலும், யோஷிவாரா என்னும் பரத்தையர் குடியிருப்பிலும், உடையிலும், படத்திலும் செலவாயிற்று. 'உக்கியோ' என்ற சொல் முன்னர் 'துயர உலகம்' என்று பொருள்பட்ட பௌத்தச் சொல். எதோ மக்கள் ஒலியை வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றி அதை 'மிதக்கும் உலகம்' ஆக்கினர். அவ்வுலகின் படங்களே 'உக்கியோ-எ' எனப்பட்டன.

ஒரு படம் உருவாகும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் படத்தின் மூலையில் காணப்படும் ஒற்றைப் பெயர் நம்மை ஏமாற்றிவிடும். ஓவியர் மெல்லிய தாளில் கருங்கோட்டுப் படம் ஒன்றை வரைந்து தருவார். செதுக்குபவர் அத்தாளைக் காட்டுச் செர்ரி மரப்பலகையின்மேல் முகம் கீழாக ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு ஏனைய இடத்தைக் கத்தியாலும் உளியாலும் அகற்றுவார். ஓவியரின் மூலப்படம் அந்த வேலையிலேயே அழிந்துபோகும். பின்னர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பரப்பைத் தனியே செதுக்க வேண்டும். அச்சிடுபவர் பலகையில் வண்ணம் தடவி, கோஸோ என்னும் முசுக்கட்டை இனச் செடியின் பட்டையால் ஆன தாளை வைத்து, மூங்கில் மடல் போர்த்திய வட்டத் திண்டால் தேய்ப்பார். எந்திரம் என்று ஒன்றும் இல்லை, முழுவதும் கைவேலை. பலகையின் ஒரு மூலையிலும் ஓரத்திலும் 'கென்தோ' என்ற சிறு வெட்டுக்குறிகள் இருக்கும். தாளை அக்குறிகளோடு பொருத்தி வைத்தால், பத்துப் பலகை மாறினாலும் வண்ணம் ஒரு மயிரிழை விலகாது. பெண்ணின் நெற்றி ஓரத்து முடியைச் செதுக்குவது கைதேர்ந்தவர்க்கே உரிய வேலை. முதல் போட்டுச் சரக்கை விற்பவர் பதிப்பாளர். ஆக நால்வர் கூடிச் செய்த பொருள் அது. செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்கள் பெரும்பாலும் வரலாற்றில் பதியவேயில்லை. எனக்கு இது எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

பல வண்ணப் படம் பிறந்த விதமே ஒரு தடையை மீறிய விதந்தான். அக்கால ஜப்பானில் சந்திர மாதங்களை ஒட்டிய நாட்காட்டி வழங்கியது. சில மாதங்களுக்கு 29 நாள், சிலவற்றுக்கு 30 நாள். பிறை பார்த்து மாதம் தொடங்கும் நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று. எந்த மாதம் நீளம், எது குறை என்பது ஆண்டுதோறும் மாறும். மாத இறுதியில் கடன் தீர்க்கும் வணிகர்க்கு அதை அறிவது இன்றியமையாதது. ஆனால் நாட்காட்டி அச்சிடும் உரிமை, அரசின் இசைவு பெற்ற சிலர்க்கே இருந்தது. ஆகவே இரசிகர் குழுக்கள், பெண்ணின் ஆடைப் பூவேலையில் மாத எண்களை ஒளித்துவைத்த படங்களை அச்சிட்டுத் தமக்குள் பரிமாறிக்கொண்டன. 1765இல் இப்படங்களுக்காகப் போட்டி போட்டுக்கொண்டு பணத்தை இறைத்ததில், சுசுக்கி ஹருநொபு என்ற ஓவியரின் கையில் முழுவண்ணப் படம் உருவாயிற்று. பட்டுச் சரிகைத் துணிபோல் இருந்ததால் அதற்கு 'நிஷிக்கி-எ' என்று பெயரிட்டனர்.

உடையும் சட்டத்துக்குத் தப்பவில்லை. ஆடம்பரத் தடைச் சட்டங்கள் நகரத்தாரின் பட்டையும் பளிச்சென்ற வண்ணங்களையும் கட்டுப்படுத்த முனைந்தபோது, அவர்கள் பழுப்பு, சாம்பல், நீலக் கோடுகளில் நாகரிகம் கண்டனர். படங்களில் உள்ள மாந்தர் பலர் கோடிட்ட ஆடை உடுத்தியிருப்பதைக் காணலாம். அக்காலக் கோட்டுத் துணி வகைகளுள் ஒன்றின் பெயர் 'சந்தோமே'. அது வேறெதுவுமன்று, நம் மயிலாப்பூரின் சாந்தோமே! சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணி, துறையின் பெயரோடு ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னர் அங்கேயே நெய்யப்பட்ட துணிக்கும் அப்பெயரே நிலைத்தது.

1787இல் ஆட்சிப் பொறுப்பேற்ற மட்சுதைரா சதனொபு என்ற அமைச்சர், ஒழுக்கத்தையும் சிக்கனத்தையும் நிலைநாட்டப் புறப்பட்டார். 1790இல் வந்த ஆணைப்படி, தணிக்கை முத்திரை இல்லாமல் படம் வெளிவரக்கூடாது. அதுமுதல் 'கிவமெ' என்ற சிறு வட்ட முத்திரையைப் படத்தின் ஓரத்தில் காண்கிறோம். மறு ஆண்டே சுதாயா ஜூசபுரோ என்ற பதிப்பாளர் சிக்கினார். அவர் வெளியிட்ட மூன்று நூல்களுக்காக எழுத்தாளர் சந்தோ கியோதென் ஐம்பது நாள் கைவிலங்கோடு வீட்டில் கிடந்தார். பதிப்பாளரின் சொத்தில் பாதியைப் பறிக்கத் தீர்ப்பாயிற்று. அம்மனிதர் அதற்கும் துவளவில்லை. உத்தமாரோ என்ற ஓவியரைக்கொண்டு பெண்களின் முகத்தைப் பெரிதாக வரைந்த படங்களை வெளியிட்டார். சுமார் பத்தே மாதம் தோன்றி, நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டு மறைந்துபோன ஷராக்குவை 1794இல் உலகுக்குக் காட்டியவரும் அவரே.

1793இல் மற்றொரு தடை வந்தது. பரத்தையர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் எழுதக்கூடாது. தேநீர்க் கடைப் பெண் ஒகித்தாவின் படம் விற்பதே அவள் பெயரால் அன்றோ? உத்தமாரோ என்ன செய்தார்? படத்தின் மூலையில் ஒரு சிறு சதுரத்துக்குள் இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, ஆழ்கடல், ஒரு வயல் ஆகியவற்றை வரைந்தார். அவற்றின் ஜப்பானியப் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் 'நனிவயா ஒகித்தா' என்று கடையின் பெயரும் பெண்ணின் பெயரும் ஒலிக்கும். சிறுவரும் விடுவிக்கக்கூடிய விடுகதை. அதிகாரிகளுக்கு இது புரிய மூன்றாண்டு பிடித்தது. 1796இல் விடுகதைப் படங்களும் தடைக்குள்ளாயின.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. தடை செய்த அரசைப் பழிக்கும் ஆர்வத்தில் ஓவியரை நீதிமான் ஆக்கிவிடுகிறோம். உத்தமாரோ அழகு சொட்ட வரைந்த யோஷிவாராப் பெண்கள் யார்? வறுமையால் பெற்றோரே ஒப்பந்தம் எழுதி விற்றுவிட்ட சிறுமியர் அவர்களுள் பலர். அக்குடியிருப்பைச் சுற்றி அகழி. நுழைவுக்கு ஒரே பெரிய வாயில். இறந்தபின் கேட்பாரற்ற உடல்கள் அருகிலிருந்த ஜோகன்ஜி ஆலயத்தில் புதைக்கப்பட்டன. 'தூக்கியெறியும் கோயில்' என்றே ஊரார் அதை அழைத்தனர். படங்கள் இதைக் காட்டவில்லை. அவை பல வேளை அந்த விடுதிகளுக்கு விளம்பரமாகவே நின்றன. அரசும் அப்பெண்களை விடுவிக்க முனையவில்லை. உரிமம் தந்து நடத்தியது அதுதானே! எனினும் யோஷிவாராவின் பன்னிரு பொழுதுகளை வரைந்த தொடரில், நள்ளிரவு கடந்த வேளையில் பாதி உறக்கத்தோடு, கையில் சிறு நெருப்புத் திரியுடன் செருப்பில் காலை நுழைக்கும் ஒரு பெண்ணை உத்தமாரோ வரைந்திருக்கிறார். அந்தச் சோர்வு பொய் சொல்லவில்லை.

அவரை வீழ்த்தியது பெண்களின் படமன்று, அரசியல். 1804இல், முன்னாள் ஆட்சியாளர் ஹிதெயோஷி தம் மனைவியரோடு செர்ரிப் பூக்களைக் கண்டு மகிழும் காட்சியை மூன்று தாள்களில் வரைந்தார். ஹிதெயோஷியின் வாரிசை அழித்தே தோக்குகாவா வம்சம் தன் ஆட்சியை உறுதி செய்துகொண்டது. அந்த நினைவைக் கிளறுவது குற்றமாயிற்று. மூன்று நாள் சிறை, ஐம்பது நாள் கைவிலங்கு. வரைவதே வாழ்வாகக் கொண்டவர்க்குக் கைவிலங்கைவிடக் கொடிய தண்டனை வேறு என்ன இருக்க முடியும்? இரண்டே ஆண்டுகளில், 1806இல் அவர் மறைந்தார்.

உலகம் நன்கறிந்த ஹொகுசாயும் ஹிரோஷிகேயும் இதன் பின்னரே வருகின்றனர். மலையும் மழையும் சாலையும் தணிக்கையாளரை உறுத்துவதில்லை. பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டுக் கடல் கடந்து வந்த புதுநீலம் மலிவாகக் கிடைத்தபோது, ஹொகுசாய் 1830ஐ ஒட்டி ஃபூஜி மலைத் தொடரைத் தொடங்கினார். முப்பத்தாறு காட்சிகள் என்று அறிவித்தது, விற்பனை மிகுந்து நாற்பத்தாறாக முடிந்தது. இவ்விருவரைப் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டதால், நாம் குனியோஷியிடம் செல்வோம்.

1841இல் மிசுனோ ததகுனி என்ற அமைச்சர் முந்தியவரைவிடக் கடுமையான சீர்திருத்தம் தொடங்கினார். 1842இல் நடிகர், பரத்தையர், ஆடல் மகளிர் படங்கள் முற்றும் தடை செய்யப்பட்டன. வண்ணப் பலகைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு. விலை பதினாறு காசுக்கு மேற்படக்கூடாது. புகழ்பெற்ற நடிகர் ஏழாம் தன்ஜூரோ ஆடம்பரக் குற்றத்துக்காக நகரைவிட்டே துரத்தப்பட்டார். பதிப்பாளர் பிழைப்பு மண்ணாயிற்று.

1843இல் குனியோஷி மூன்று தாள்களில் ஒரு பழங்கதைப் படத்தை வெளியிட்டார். நோயுற்ற வீரத்தலைவன் யோரிமித்சு உறங்குகிறான். அவனுடைய நான்கு மெய்காவலர் காய் ஆட்டத்திலும் பேச்சிலும் இருக்கின்றனர். பின்னால் மண்சிலந்திப் பூதம் வலையை விரிக்கிறது. இருளில் விசித்திரப் பேய்கள் திரண்டு மோதுகின்றன. எல்லாரும் அறிந்த கதை. ஆகவே தணிக்கை கடந்தது. ஆனால் ஊர் மக்கள் வேறு கண்ணோடு பார்த்தனர். ஒரு காவலனின் ஆடையில் உள்ள இலைச்சின்னம் மிசுனோவின் குடும்பச் சின்னம் அல்லவா? அப்படியானால் உறங்குபவர் ஷோகுன்! பேய்கள் யார்? சீர்திருத்தத்தால் வாழ்விழந்த தொழிலாளர்! எந்தப் பேய் எந்தத் தொழில் என்று விளக்கம் சொல்லும் பேச்சு நகரெங்கும் பரவிற்று. அஞ்சிய பதிப்பாளர் விற்காத படிகளைத் திரும்பப் பெற்றுப் பலகைகளைச் சீவிவிட்டார். ஓவியர் அதை எண்ணித்தான் வரைந்தாரா? வாய்விட்டு அவர் சொல்லவில்லை. அங்கேதான் அவர் திறமை இருக்கிறது. சில மாதங்களில் மிசுனோ பதவியிழந்தார். அதன்பின் குனியோஷி, ஒரு பண்டகசாலைச் சுவரில் எவனோ ஆணியால் கிறுக்கியதுபோல் நடிகர் முகங்களை வரைந்து வெளியிட்டார். நடிகர் படம் தடையாம். சுவர்க் கிறுக்கலுக்குத் தடை இல்லையே!

தணிக்கை முத்திரையே இல்லாமல் படங்கள் வெள்ளம்போல் வந்த காலமும் ஒன்றுண்டு. 1855 நவம்பர் 11ஆம் நாள் இரவு எதோவை நிலநடுக்கம் உலுக்கியது. ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை மாண்டனர். நிலத்தடியில் ஒரு பெருங்கெளுத்தி மீன் கிடக்கிறது, கஷிமா தெய்வம் அதைக் கல்லால் அழுத்தி வைத்திருக்கிறது, தெய்வம் ஊரில் இல்லாத மாதத்தில் அது புரண்டுவிட்டது என்பது மக்கள் நம்பிக்கை. சில நாட்களுக்குள் ஓவியர் பெயரோ பதிப்பாளர் பெயரோ இல்லாத கெளுத்திப் படங்கள் தெருவுக்கு வந்தன. ஒரு படத்தில் உறவினரை இழந்த மக்கள் கெளுத்தியை அடித்து நொறுக்குகின்றனர். தச்சரும் சுவர் பூசுவோரும் அதைக் காப்பாற்ற ஓடி வருகின்றனர். ஏன்? இடிந்த வீட்டைக் கட்டுவதில் கூலி உயர்ந்துவிட்டது! இன்னொன்றில் செல்வர் வயிற்றிலிருந்து பொற்காசுகள் கொட்டுகின்றன, ஏழைகள் பொறுக்குகின்றனர். பிணம் எடுத்து முடியாத நகரில் இந்த நகைப்பைக் கண்டு முகம் சுளிக்கலாம். ஆயின் அந்நகைப்பின் அடியில் 'உலகம் நேராக வேண்டும்' என்ற குரல் கேட்கிறது. அரசுக்கும் அது கேட்டது. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பலகைகள் பறிக்கப்பட்டு அழிக்கப்பட்டன. அதற்குள் நூற்றுக்கணக்கான வகைப் படங்கள் விற்றுத் தீர்ந்திருந்தன.

1868இல் ஷோகுன் ஆட்சி மறைந்தது. 1875ஐ ஒட்டித் தணிக்கை முத்திரையும் மறைந்தது. ஆனால் அப்போது புகைப்படமும் செய்தித்தாளும் வந்துவிட்டன. படங்களை வாங்க ஐரோப்பியர் வந்தனர். வான்கோ 1887இல் ஹிரோஷிகேயின் படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். எதோவின் செதுக்குநரோ நாளேட்டுப் படங்களுக்குப் பலகை வெட்டப் போனார். பிறகு அந்த வேலையும் குறைந்தது.

2024 ஜூலையில் ஜப்பானில் புதிய ஆயிரம் யென் தாள் வெளியிடப்பட்டது. அதன் பின்புறத்தில் ஹொகுசாயின் பேரலை அச்சிடப்பட்டிருக்கிறது. செதுக்கியவர் பெயர் அதிலும் இல்லை.