குழிப்பந்தாட்டத்தில் இரும்பு மட்டை அடியின் சீர்மை: ஒரு வரலாறு

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில், உலோகத் தலை கொண்ட மட்டைகளை இரும்பு மட்டைகள் என்பர். நெடுந்தொலைவு அடிப்பதற்கு மர மட்டை என்ற வகை உண்டு. குழிக்கு அருகில் பந்தை உருட்டிவிடத் தனி மட்டை உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பணி இரும்பு மட்டைக்கு உரியது. புல்தரையில் கிடக்கும் பந்தை, குழி அமைந்த பசுந்தரையின் குறிப்பிட்ட இடத்தில் கொண்டு சேர்ப்பதே அப்பணி.

ஒரே மட்டையால் பத்து முறை அடித்தால், பத்துப் பந்துகளும் ஏறத்தாழ ஒரே திசையில் ஒரே தொலைவில் விழ வேண்டும். இதுவே அடியின் சீர்மை. கொல்லர்கள், ஆட்டக்காரர்கள், பொறியாளர்கள், விதி வகுப்போர் எனப் பலரும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இச்சீர்மையைத் தேடி வந்துள்ளனர். சீர்மை ஆடுபவர் கையில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்ற கேள்வி இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது.

இறகுப் பந்தும் இரும்பும்

குழிப்பந்தாட்டம் ஸ்காட்லாந்தில் வளர்ந்தது. வில் பயிற்சிக்கு இடையூறாக இருப்பதாகக் கூறி, 1457-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இவ்விளையாட்டைத் தடை செய்தது. ஆனால் 1502-இல் மன்னர் நான்காம் ஜேம்ஸ், பெர்த் நகரின் வில் செய்யும் தொழிலாளி ஒருவரிடம் மட்டைகள் வாங்கியதாக அரசுக் கணக்கேடு கூறுகிறது.

தொடக்கத்தில் பெரும்பாலான மட்டைகள் மரத்தால் ஆனவை. அதற்குப் பந்தே காரணம். தோல் பைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்த பந்தே அன்று வழக்கில் இருந்தது. அது விலை உயர்ந்தது. இரும்பால் அடித்தால் தோல் கிழிந்துவிடும். எனவே வண்டித் தடத்திலோ கற்களிடையிலோ பந்து சிக்கினால் மட்டுமே இரும்பு மட்டையை எடுத்தனர்.

1848-ஆம் ஆண்டு வாக்கில் குட்டா பெர்ச்சா பந்து வந்தது. மலாயாப் பகுதியில் வளரும் ஒருவகை மரத்தின் பாலைக் கெட்டியாக்கிச் செய்த இப்பந்து மலிவானது, இரும்படியைத் தாங்கவும் வல்லது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இறகுப் பந்து செய்து வாழ்ந்த ஆலன் ராபர்ட்சன் இதைத் தொடக்கத்தில் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் தொழில் பயின்ற டாம் மாரிஸ் புதிய பந்தால் ஆடியதால் இருவரும் பிரிய நேர்ந்தது. ஆயினும் பின்னாளில் ராபர்ட்சனே இரும்பு மட்டையால் பசுந்தரையை நோக்கி அடிக்கும் முறையில் தேர்ந்தவராகப் பெயர் பெற்றார்.

டாம் மாரிஸின் மகனும் டாம் மாரிஸ் என்ற பெயரே கொண்டவர். வண்டித் தடத்திலிருந்து பந்தை எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட சிறு இரும்பு மட்டையை அவர் வேறு வகையில் கையாண்டார். நல்ல தரையிலிருந்தே அதனால் பந்தை உயரத் தூக்கி, பின்சுழற்சியுடன் இறக்கி நிறுத்தினார். 1868 முதல் 1872 வரை நடந்த நான்கு ஓப்பன் போட்டிகளிலும் அவரே வென்றார் (1871-இல் போட்டி நடக்கவில்லை). இக்கட்டில் மட்டும் எடுத்த கருவி இவ்வாறு துல்லியத்தின் கருவியாயிற்று.

கொல்லர் உலையில் பிறந்த மட்டைகள்

அக்காலத்தில் மட்டைகளுக்கு எண் இல்லை. கிளீக், மாஷி, நிப்ளிக் போன்ற பெயர்களே இருந்தன. தலைகளைக் கொல்லர்கள் உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து உருவாக்கினர். தண்டுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரத்தைப் பயன்படுத்தினர்.

ஒரு கொல்லர் செய்த இரு மட்டைகள்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. எடையும் முகத்தின் சாய்வும் சற்றே வேறுபடும். மரத்தண்டு அடிக்கும்போது வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அதனால் மட்டைத் தலை பந்தைத் தொடும் நேரத்தில் எத்திசை நோக்கியிருக்கும் என்பது ஆடுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மட்டையின் இயல்பையும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் பல மட்டைகளைக் கையில் ஏந்தி வீசிப் பார்த்து, பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தனர்.

1930-இல் ஒரே ஆண்டில் பிரிட்டனின் இரண்டு, அமெரிக்காவின் இரண்டு என நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற பாபி ஜோன்ஸ் ஆடியது ஹிக்கரித் தண்டு மட்டைகளாலேயே. அவரது மட்டைகளைப் பின்னர் அளந்து பார்த்தபோது, ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் வீச்சு எடையில் ஒத்திருந்தன என்றும், ஒத்துவராத அந்த ஒன்றே அவருக்கு எப்போதும் தொல்லை தந்த மட்டை என்றும் ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது.

எஃகுத் தண்டும் எண்ணிட்ட வரிசையும்

அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924-இல் எஃகுத் தண்டுக்கு ஒப்புதல் தந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கம் 1929-இல்தான் அனுமதித்தது. 1931-இல் பில்லி பர்க் எஃகுத் தண்டு மட்டைகளால் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்றார். அதன்பின் ஹிக்கரி விரைவில் மறைந்தது.

எஃகு மரத்தைப்போல் முறுக்கிக்கொள்ளாது, ஈரத்தாலும் மாறாது. தொழிற்சாலையில் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்யலாம். எனவே எடையும் சாய்வும் படிப்படியாக மாறும் மட்டை வரிசைகள் சந்தைக்கு வந்தன. பழைய பெயர்கள் போய் எண்கள் வந்தன. எண் கூடக்கூட முகத்தின் சாய்வு கூடும், தண்டின் நீளம் குறையும், பந்து உயரமாகவும் குறைந்த தொலைவுக்கும் செல்லும்.

வீசும் முறையும் மாறியது. மணிக்கட்டின் நுட்பத்தை நம்பிய பழைய முறைக்கு மாறாக, கால்களும் உடலும் முன்னின்று இயங்கும் முறை வளர்ந்தது. ஹிக்கரியில் தொடங்கி எஃகுக்கு மாறிய பைரன் நெல்சன் இதில் முன்னோடி. அவர் 1945-இல் 18 போட்டிகளை வென்றார். அவற்றுள் 11 தொடர் வெற்றிகள்.

பதினான்கு மட்டை வரம்பு

மட்டைகள் மலிந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. சிலர் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைச் சுமக்கச் செய்து ஆடினர். ஒவ்வொரு தொலைவுக்கும் ஒரு மட்டை இருந்தால், ஒரே மட்டையால் பலவகையாக அடிக்கும் கலை அழிந்துவிடும் என்று பலர் வருந்தினர். அமெரிக்க சங்கம் 1938-இலும், செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1939-இலும் பதினான்கு மட்டைகளே வரம்பு என விதித்தன. இவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது.

பயிற்சியால் பெற்ற சீர்மை

பென் ஹோகன் 1912-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் அவர் அடித்த பந்துகள் அளவுக்கு மீறி இடப்புறம் வளைந்து சென்றன. அதைத் திருத்தப் பல ஆண்டுகள் உழைத்தார். போட்டிக்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் பயிற்சி செய்யும் வழக்கத்துக்கு அவரே எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறார்.

1949 பிப்ரவரியில் அவர் சென்ற கார் மீது பேருந்து மோதி, இடுப்பெலும்பு உட்படப் பல எலும்புகள் முறிந்தன. பதினாறு மாதங்களில், 1950-இல் மெரியன் திடலில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியின் இறுதிக் குழியில், மிகக் கடினமானதாகக் கருதப்படும் ஒன்றாம் எண் இரும்பு மட்டையால் அவர் அடித்த பந்து பசுந்தரையை அடைந்தது. மறுநாள் நடந்த மறு ஆட்டத்தில் பட்டம் வென்றார். அந்த அடியின் நிறைவில் பின்புறமிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படம் உலகப் புகழ் பெற்றது.

1950-களில் ஹோகன் சொந்த மட்டைத் தொழிற்சாலை தொடங்கினார். முதலில் உருவான மட்டைகள் தாம் விரும்பிய தரத்தில் இல்லை எனக் கண்டு, இழப்பைப் பொருட்படுத்தாது அவற்றை அழிக்கச் செய்தார். கைத்திறனுக்கே பெயர் பெற்ற ஒருவர் கருவியின் சீர்மைக்கும் அவ்வளவு மதிப்பளித்தார். 1957-இல் வெளிவந்த அவரது ஐந்து பாடங்கள் நூல், பிடி, நிலை, வீச்சு ஆகியவற்றைப் படங்களுடன் விளக்குகிறது.

அறிவியல் நுழைதல்

1960-களில் ட்ரூ டெம்பர் நிறுவனம், நெல்சனின் வீச்சை அடிப்படையாகக் கொண்டு ஓர் இயந்திரத்தை உருவாக்கியது. இரும்பு பைரன் என்ற பெயர் பெற்ற அது, களைப்பின்றி ஒரே வகையில் அடித்ததால், பந்தையும் மட்டையையும் சோதிக்கப் பயன்பட்டது. 1968-இல் பிரிட்டனில் அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் வீச்சின் இயற்பியலை ஆராய்ந்து எழுதிய நூல் வெளியானது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதற்குள் கையால் எதையும் திருத்த இயலாது. எனவே தொடும் முன்பே மட்டையின் பாதை, முகத்தின் திசை, தொடும் இடம் ஆகியவை சரியாக அமைந்திருக்க வேண்டும்.

கார்ஸ்டன் சோல்ஹைமின் விளிம்பு எடை

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம், பிங் என்ற மட்டை நிறுவனத்தை நிறுவியவர். பழைய இரும்புத் தலையில் எடை நடுவில் குவிந்திருக்கும். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் தலை திரும்பிவிடும், அடி தவறும். சோல்ஹைம் தலையின் பின்புறத்தைக் குடைந்து அந்த எடையை விளிம்புகளுக்கு மாற்றினார். கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி நீண்ட கழியைக் குறுக்கே ஏந்துவதும் இதே தத்துவத்தால்தான். எடை மையத்திலிருந்து விலகி நிற்கும் பொருளைத் திருப்புவது கடினம். இதனால் சற்றுத் தவறிய அடியும் பெரிதாகத் தவறாமல் சென்றது. பயிற்சிக்கு நேரமில்லாத எளிய ஆட்டக்காரருக்கு இது பெரும் உதவியாயிற்று. ஆடுபவரின் உடலமைப்புக்கு ஏற்ப மட்டையின் கோணத்தை மாற்றி, வண்ணப் புள்ளியால் குறிக்கும் முறையையும் அவர் கொண்டுவந்தார்.

இந்நிறுவனத்தின் ஐ2 மட்டைகளில் முகத்தின் வரிப்பள்ளங்கள் சதுர வடிவின. கூரிய ஓரங்கள் பந்தைக் கிழித்ததால் அவற்றைச் சற்று மழுக்கினர். அதனால் பள்ளங்களுக்கிடையே உள்ள இடைவெளி விதிக்குக் குறைவாகிவிட்டது என அமெரிக்க சங்கம் கூறியது. வேறுபாடு மயிரிழை அளவே. ஆயினும் வழக்கு நீதிமன்றம் சென்றது. சங்கத்துடன் 1990-இலும், தொழில்முறை ஆட்ட அமைப்புடன் 1993-இலும் உடன்பாடு ஏற்பட்டது. நீண்ட புல்லிலிருந்தும் பந்துக்கு மிகுந்த சுழற்சி கிடைத்தால், நேர்பாதையில் அடிப்பவருக்குக் கிடைக்க வேண்டிய பயன் குறையும் என்பதே விதி வகுப்போரின் அச்சம். 2010-இல் உயர்நிலைப் போட்டிகளில் வரிப்பள்ளங்களுக்குப் புதிய கட்டுப்பாடு வந்தது.

அளவீட்டுக் காலம்

2003-இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட ட்ராக்மேன் நிறுவனம், ரேடார் மூலம் பந்தின் வேகம், சுழற்சி, ஏறுகோணம் ஆகியவற்றை அளக்கும் கருவியைத் தந்தது. முன்பு மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்து ஊகித்ததை இப்போது எண்ணாகவே காணலாம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறைப் போட்டிகளின் அடிகளை ஆராய்ந்து 2014-இல் நூல் வெளியிட்டார். முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களை விஞ்சுவதில், பசுந்தரையை நோக்கி அடிக்கும் அடிகளின் பங்கே மிகப் பெரியது, ஏறத்தாழ நாற்பது விழுக்காடு என அவர் காட்டினார். உருட்டும் அடியே வெற்றி தரும் என்ற நெடுநாள் நம்பிக்கையை இது மாற்றியது.

மாறாத அடிப்படைகள்

கருவிகள் மாறினும் சில அடிப்படைகள் மாறவில்லை.

• மட்டை முதலில் பந்தைத் தொட்டு, பிறகே தரையைத் தொட வேண்டும். வீச்சின் தாழ்ந்த புள்ளி பந்துக்குச் சில அங்குலம் முன்னால், இலக்கின் பக்கம் அமைய வேண்டும். புல் பெயர்ந்த தடம் பந்து இருந்த இடத்திற்கு அப்பால் தொடங்கினால் அடி சரியானது.
• பந்தைத் தூக்கிவிட முயலக் கூடாது. உயர்த்தும் வேலையை முகத்தின் சாய்வே செய்யும்.
• பந்து தொடங்கும் திசையைப் பெரிதும் தீர்மானிப்பது மட்டை முகம் நோக்கும் திசையே.
• முழு வலிமையுடன் வீசினால் சமநிலை குலையும். அடித்தபின் நிலைத்து நிற்க முடியும் அளவே சரியான வேகம்.

முடிவுரை

கொல்லரின் உலையிலிருந்து ரேடார் வரை, ஒவ்வொரு புதிய கருவியும் வந்தபோது கைத்திறன் அழிந்துவிடும் என்ற அச்சமும் உடன் வந்தது. அந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஹிக்கரித் தண்டை ஆளும் நுட்பம் இன்று மிகச் சிலருக்கே உண்டு. மறுபுறம், விளிம்பு எடை மட்டையால் இவ்விளையாட்டு எளியோருக்கும் இன்பம் தந்தது. கருவி தவற்றின் அளவைக் குறைக்கும், ஆனால் தவற்றை நீக்குவது பயிற்சியே. ஒவ்வாத ஒரு மட்டையால் தொல்லைப்பட்ட ஜோன்ஸும், தரம் குறைந்த மட்டைகளை அழித்துவிட்டு மீண்டும் பயிற்சித் திடலுக்குச் சென்ற ஹோகனும் இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை என்பதற்குச் சான்றாவர்.