கலியாண ஒளிநாடாக்களைக் காப்போம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல இல்லங்களின் அலுமாரிகளில், புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய கலியாண, நிக்காஹ் ஒளிநாடாக்கள் இன்றும் உள்ளன. இலண்டன் நாடா இங்கு தடையின்றி ஓடியது. பாரிஸ் நாடா கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரொறன்ரோ நாடாவுக்கோ பல முறைகளையும் ஏற்கும் கருவி வேண்டியிருந்தது.

காரணம் ஒளிபரப்பு முறையே. 1982இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி உருவானபோதும், இலங்கை ஜப்பானின் என்.ரி.எஸ்.சி. முறையை ஏற்காது பி.ஏ.எல். முறையையே கைக்கொண்டது. இதில் செக்கனுக்கு 25 படங்கள், படமொன்றுக்கு 625 வரிகள். கனடா பின்பற்றிய என்.ரி.எஸ்.சி.யில் ஏறத்தாழ 30 படங்கள், 525 வரிகள். பிரான்சின் சீகாம் முறையில் வண்ணக் குறியீடு மட்டுமே வேறு.

எனவே, கனடிய நாடாவை நமது முறைக்கு மாற்றுகையில் இல்லாத வரிகளை ஊகித்து நிரப்பவும், மிகையான படங்களைக் கைவிடவோ கலக்கவோ நேர்கிறது. அசைவு தடுமாறும், உருவம் மங்கும்.

நாடாவைப் பதிவான முறையிலேயே கணினியில் ஏற்றுவதே தக்கது. கணினி இரு முறைகளையும் காட்டும். அக்கோப்பை மூலமாகப் பேணி, தேவைப்படின் அதன் பிரதியை மட்டும் மாற்றலாம். ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் படரும். அதை இயக்கும் கருவிகளும் அருகிவிட்டன. மறைந்த மூத்தோரின் முகமும் குரலும் அதில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். காலந்தாழ்த்தல் ஆகாது.