கால்நடை எலும்பு அறுவைக் கருவிகள்: தூய்மைப்படுத்தும் முறையின் வரலாறு

கால்நடை எலும்பு அறுவைக் கருவிகளைத் தயார் செய்தல் என்பது, எலும்பு முறிந்த மாடு, ஆடு, நாய், குதிரை முதலியவற்றுக்கு அறுவை செய்யும் முன், அதற்கான கருவிகளையும் உடலுக்குள் பொருத்தப்படும் உலோகத் தகடு, திருகு, கம்பி ஆகியவற்றையும் கழுவி, சரிபார்த்து, துணியில் பொதிந்து, கிருமி நீக்கி வைக்கும் பணியாகும். அறுவை அரங்கில் மருத்துவர் செய்யும் வேலையே பலருக்கும் தெரியும். ஆனால் எலும்பு அறுவையில் விலங்கு மீண்டும் எழுந்து நடக்குமா என்பதைப் பெருமளவு முடிவு செய்வது, அதற்கு முன்பே பின்னறையில் நடக்கும் இந்த வேலைதான்.

எலும்பு அறுவைக்கு ஏன் தனிக் கவனம்?

தோலிலும் தசையிலும் ஏற்படும் காயத்துக்கு இரத்த ஓட்டம் தாராளமாக உண்டு. சில கிருமிகள் நுழைந்தாலும் உடல் அவற்றை எதிர்த்து அழித்துவிடும். முறிந்த எலும்புத் துண்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் இரத்தக் குழாய்கள் அறுந்திருக்கும். அந்த இடத்தில் உலோகத் தகட்டையும் வைத்தால் ஆபத்து மேலும் கூடும். உலோகத்துக்கு இரத்த ஓட்டமே கிடையாது. அதன் மேல் ஒட்டிக்கொண்ட பாக்டீரியா பாசிபோல் ஒரு படலத்தை உண்டாக்கி, மருந்துக்கு எட்டாமல் அதற்குள் பதுங்கி வாழும்.

1957-இல் இலண்டனில் எலெக், கோனென் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வெறும் தோலில் சீழ் உண்டாக்கப் பல இலட்சம் பாக்டீரியா தேவைப்பட்டது. அதே தோலில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தபோது சில நூறு பாக்டீரியாவே போதுமானதாக இருந்தது. ஒரு நூலுக்கே இந்த நிலை என்றால், தகடும் திருகும் வைக்கும் அறுவையில் கருவிகள் எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம்.

விலங்குகளுக்கு மற்றொரு இடரும் உண்டு. மனிதரைப்போல் ஆறு வாரம் படுக்கையில் இருக்கும்படி மாட்டிடம் சொல்ல முடியாது. மயக்கம் தெளிந்ததும் அது எழுந்து காலை ஊன்றப் பார்க்கும். சாணமும் கோமியமும் உள்ள கட்டுத்தறிக்குத் திரும்பும். நாய் தன் புண்ணை நக்கும். பின்னால் வரும் இந்த அழுக்கை முழுவதும் தடுக்க இயலாது. அறுவையின்போது உள்ளே செல்லும் கிருமியைத் தடுப்பது மட்டுமே மருத்துவமனையின் கையில் உள்ளது.

பண்டைய மரபு

இந்தியாவில் விலங்கு மருத்துவம் பழமையானது. குதிரை மருத்துவத்துக்குச் சாலிகோத்திரர் பெயராலும், யானை மருத்துவத்துக்குப் பாலகாப்பியர் பெயராலும் வடமொழி நூல்கள் வழங்குகின்றன. தமிழில் மாட்டு வாகட நூல்கள் உள்ளன. ஆனால் அறுவைக் கருவிகளைப் பேணுவது பற்றி விரிவாகப் பேசுவது மனித மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை.

அந்நூல் கருவிகளுக்குப் பதம் ஏற்றும் மூன்று வகைகளைக் கூறுகிறது. காய்ச்சிய இரும்பைக் காரநீரில் தோய்ப்பது ஒன்று, தண்ணீரில் தோய்ப்பது மற்றொன்று, எண்ணெயில் தோய்ப்பது மூன்றாவது. எலும்பை வெட்டும் கருவிக்குக் காரநீர்ப் பதம் என்று அது வகுக்கிறது. தீட்டுவதற்கு உளுந்து நிறமுள்ள வழுவழுப்பான கல்லையும், கூர் மழுங்காமல் வைத்திருக்க இலவ மரப் பலகையையும் சொல்கிறது.

திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டி கற்சிற்பத்துக்குப் பெயர் பெற்ற ஊர். உளியை உலையில் காய்ச்சித் தட்டி, நீரில் தோய்த்துப் பதம் ஏற்றுவது சிற்பிகளின் மரபு. எலும்பு அறுவைப் பெட்டியிலும் உளியும் சுத்தியலும் அரமும் துளையிடும் கருவியும் இருக்கின்றன. கூர் பற்றிய அறிவு இரு தொழிலுக்கும் பொது. மழுங்கிய துளையூசி எலும்பைச் சூடாக்கிக் கருகச் செய்யும், கருகிய எலும்பில் திருகு நிற்காது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமி என்ற ஒன்று உண்டு என்பது அக்கால மருத்துவர்களுக்குத் தெரியாது.

ஆகவே கிராமங்களில் மாட்டின் கால் முறிந்தால் மூங்கில் சிம்பு வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் தடவித் துணியால் கட்டினார்கள். தோல் கிழியாத முறிவு பல நேரங்களில் இதில் கூடியது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் சீழ் பிடிக்கும். அந்த மாட்டைக் காப்பாற்றுவது அரிது.

ஒரு சிறுவனின் கால்

மனிதருக்கும் அப்போது இதே நிலைதான். தோல் கிழிந்த எலும்பு முறிவுக்குக் காலையே வெட்டி எடுப்பது வழக்கமாக இருந்தது. 1865 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவனுக்கு ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். சீழ் பிடிக்கவில்லை. சுமார் ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. 1867-இல் தம் முறையை லிஸ்டர் கட்டுரையாக வெளியிட்டார். நவீன அறுவைத் தூய்மையின் தொடக்கம் இவ்வாறு ஓர் எலும்பு முறிவிலிருந்தே பிறந்தது.

கொதிநீர் ஏன் போதவில்லை?

அடுத்த படி கால்நடை நோய் ஒன்றிலிருந்து வந்தது. மாடு ஆடுகளைக் கொல்லும் அடைப்பான் நோயை ஆராய்ந்த ராபர்ட் கோக், அதன் கிருமி கடினமான உறையுள்ள விதைபோன்ற வடிவம் எடுத்து நெடுநாள் உயிரோடிருக்கும் என்று 1876-இல் காட்டினார். இத்தகைய விதைகள் சாதாரணமாகக் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது மண்ணிலும் சாணத்திலும் இருப்பதால் கால்நடை மருத்துவத்தில் முக்கியமானது.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகாது. மூடி அழுத்தம் கொடுத்தால் ஆகும். 1679-இல் டெனி பாப்பின் என்பவர் எலும்பை மெத்தென வேகவைக்க ஓர் அழுத்தக் கலனைச் செய்திருந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1879-இல், லூயி பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சேம்பர்லேண்ட் அதே தத்துவத்தில் ஆட்டோகிளேவை உருவாக்கினார். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரியை எட்டும். அந்த வெப்பத்தில் விதைகளும் மடியும்.

வீட்டுச் சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரும் இதே குடும்பம்தான். ஆவி நன்றாக வெளிவந்த பிறகே வெயிட் போட வேண்டும் என்று வீட்டில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் காட்டினாலும் வெப்பம் ஏறாது. ஆட்டோகிளேவிலும் காற்றை வெளியேற்றுவதே முதல் விதி.

விலங்கிலிருந்து மனிதருக்கும், மனிதரிலிருந்து விலங்குக்கும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் ஆர்பத்நாட் லேன், எலும்பில் உலோகத் தகடு பொருத்தும் அறுவைக்குக் 'கை படாத முறை'யைக் கடைப்பிடித்தார். நீண்ட கைப்பிடியுள்ள கருவிகளின் நுனி மட்டுமே காயத்தைத் தொடும், விரல் தொடாது.

1930-களில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஓட்டோ ஸ்டேடர், நாய்களின் முறிந்த எலும்பில் ஊசிகளைச் செலுத்தி வெளியே ஒரு சட்டத்தால் இணைக்கும் அமைப்பை உருவாக்கினார். பின்னர் மனித மருத்துவர்கள் அதை ஏற்றனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையினருக்கும் அது பயன்பட்டது. 1958-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கி, தகடு, திருகு, கருவிகள் ஆகியவற்றை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்தனர். அதன் கால்நடைப் பிரிவு 1969-இல் உருவானது.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இலாகூரில் 1882-இலும், பம்பாயில் 1886-இலும், கல்கத்தாவில் 1893-இலும் தொடங்கின. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் தொடங்கியது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. நாமக்கல் கல்லூரி 1985-இலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இலும் நிறுவப்பட்டன. திருப்பூர் மாவட்டத்துக்கு உரிய கல்லூரி உடுமலைப்பேட்டையில் 2020-இல் தொடங்கப்பட்டது.

சிற்றூர் மாட்டாஸ்பத்திரிகளில் நெடுங்காலம் இருந்தது 'ஸ்டெரிலைசர்' என்ற கொதிநீர்ப் பெட்டிதான். கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும் அதில் கொதிக்கும். கட்டி கீறவும் தையல் போடவும் அது உதவியது. எலும்புக்குள் உலோகம் வைக்க அது போதாது. தகடு பொருத்தும் அறுவை பெரும்பாலும் கல்லூரி மருத்துவமனைகளையும் நகரங்களையும் சார்ந்தே வளர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்றைய செய்முறை

முதல் படி கழுவுதல். இரத்தம் காய்வதற்கு முன், குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீர் இரத்தப் புரதத்தை உறையச் செய்து ஒட்டவைத்துவிடும். கத்தரி, கிடுக்கி ஆகியவற்றின் மூட்டுகளைத் திறந்தும், துளையுள்ள கருவிகளின் உட்புறத்தை மெல்லிய தூரிகையால் தேய்த்தும் கழுவுவர். அழுக்கு ஒட்டியிருந்தால் அதன் அடியில் உள்ள கிருமியை நீராவி தொடாது.

இரண்டாம் படி சரிபார்த்தல். கூர், மூட்டு அசைவு, துரு, விரிசல் ஆகியவற்றைப் பார்த்து, திருகுகளை அளவு வாரியாக எண்ணி அடுக்குவர். மூன்றாம் படி பொதிதல். அங்குலத்துக்கு 140 இழை கொண்ட நெருக்கமான பருத்தித் துணியை இரட்டையாக மடித்துச் சுற்றுவது பழைய வழக்கம்.

நான்காம் படி ஆட்டோகிளேவ். பொதிந்த கருவிகளுக்கு 121 டிகிரியில் 30 நிமிடம் என்பது பொதுவான அளவு. காற்றை உறிஞ்சி எடுக்கும் இயந்திரங்களில் 134 டிகிரியில் சில நிமிடமே போதும். பொதியில் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு தோன்றினால் வெப்பம் பட்டது என்று பொருள். கிருமி செத்தது என்பதற்கு அது சான்று ஆகாது. அதனால் வெப்பத்தை மிகவும் தாங்கும் பாக்டீரியா விதைகளை உள்ளே வைத்து, பின்னர் அவை முளைக்கின்றனவா என்று அவ்வப்போது சோதிப்பர். கடைசியாகப் பொதி நன்கு உலர வேண்டும். ஈரத் துணி வழியே கிருமி உள்ளே ஊறிவிடும்.

சாதாரண டிரில்லிங் மெஷினை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. செலவைக் குறைக்க அதையே பயன்படுத்தும் இடங்களில், கிருமி நீக்கிய உறையால் மெஷினை மூடி, துளையூசியை மட்டும் தனியே கிருமி நீக்கிப் பொருத்துவர்.

பின்னலாடை வட்டாரமும் இப்பணியும்

திருப்பூர் வட்டாரத்தினருக்கு இப்பணியில் பழகிய பொருள்கள் சில உண்டு. அறுவைக்கு முன் விலங்கின் காலை மூடப் பயன்படும் 'ஸ்டாக்கினெட்' என்பது வட்டப் பின்னல் இயந்திரத்தில் குழாய்போல் பின்னப்படும் துணியே. அது நெகிழ்ந்து காலோடு ஒட்டி நிற்கும். சாயப் பட்டறைகளில் பாலியெஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றுவதும் மூடிய கலனில், அழுத்தத்தில், சுமார் 130 டிகிரி வெப்பத்தில்தான்.

கவலைக்குரியது தண்ணீர். நொய்யல் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு மிகுந்தது. அந்த நீரில் கருவிகளைக் கழுவி விட்டுவிட்டால் எஃகிலும் புள்ளி புள்ளியாகத் துரு விழும். அக்குழிகளில் அழுக்கு தங்கும். ஆகவே இறுதியாக அலசவும் ஆட்டோகிளேவில் ஊற்றவும் காய்ச்சி வடித்த நீர் அல்லது உப்பு நீக்கிய நீரே ஏற்றது.

காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பெயர் பெற்ற உழைப்பு மாட்டினம். அதன் கால் ஊனமானால் விவசாயக் குடும்பம் இழப்பது முதலீட்டை. எலும்பில் சீழ் பிடித்தபின் நோயெதிர் மருந்தால் சரிசெய்வது கடினம், செலவும் மிகுதி. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகிவரும் இக்காலத்தில் அந்த வழி மேலும் குறுகிவருகிறது. கழுவ, பொதிய, ஆவியில் வைக்க, உலர்த்த ஆகும் இரண்டு மூன்று மணி நேரத்தைக் குறைப்பதற்கு இன்றுவரை பாதுகாப்பான குறுக்குவழி இல்லை.