லார்ப்: வேடமிட்டு வாழும் கதை

ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக வேடமிட்டு, அந்த மாந்தராகவே பேசி நடந்துகொள்ளும் விளையாட்டு லார்ப். எழுதிய வசனம் கிடையாது, பார்வையாளரும் கிடையாது. களத்தையும் விதிகளையும் அமைப்பாளர்கள் வகுத்துத் தருவார்கள். மற்றதெல்லாம் ஆடுபவர்கள் பாடு.

இதைத் தொடங்கியவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. 1966 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லியில், எழுத்தாளர் டயானா பாக்ஸன் வீட்டுக் கொல்லையில் நண்பர்கள் இடைக்கால உடையில் கூடி வாட்போட்டி நடத்தினார்கள். அதிலிருந்து பிறந்த சங்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் நாட்டம் வரலாற்றில்தான். கதையைக் கொண்டுவந்தது 1974-இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாளை உருவியதாக வாயால் சொல்லும் ஆட்டம் அது. சிலருக்கு வாய்ச்சொல் போதவில்லை. 1977-இல் வாஷிங்டன் வட்டாரத்தில் தோன்றிய டகோர்ஹிர் குழுவினர், ஃபோம் சுற்றிய ஆயுதங்களோடு வெட்டவெளியில் இறங்கிவிட்டார்கள்.

பிரிட்டனில் 1982-இல் ‘டிரெஷர் டிராப்’ என்ற லார்ப் வந்தது. களம், செஷரிலுள்ள பெக்ஃபோர்ட்டன் கோட்டை. பார்வைக்கு இடைக்காலக் கோட்டை. கட்டியதோ 19-ஆம் நூற்றாண்டில், ஒரு நிலப்பிரபு. கோட்டையே வேடம் போட்டிருந்தது என்பதால் இடப்பொருத்தத்துக்குக் குறைவில்லை. அங்கே ஆட்டம் சில ஆண்டுகளில் நின்றாலும், டர்ஹாம் பல்கலைக்கழக மாணவர்கள் 1983-இல் அதே பெயரில் தொடங்கிய மன்றம் தொடர்ந்தது.

வாளே இல்லாத கிளையும் உண்டு. ஹார்வர்டில் 1982-இல் உருவான குழு, சதியையும் பேரத்தையும் பேச்சிலேயே நடத்தியது. லார்ப் ரஷ்யாவையும் எட்டியது: 1990-இல் கிராஸ்னயார்ஸ்க் அருகே எழுத்தாளர் டோல்கீனின் ரசிகர்கள் கூடி ‘ஹாபிட் விளையாட்டுகள்’ நடத்தினார்கள்.

துணிச்சலான திருப்பம் வடக்கு ஐரோப்பாவில் நேர்ந்தது. ஆஸ்லோவில் 1997-இல் தொடங்கிய க்னூட்டபுங்க்ட் லார்ப் மாநாடு, நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து என ஆண்டுக்கொரு நாடாகச் சுற்றுகிறது. 1999-இல் நார்வேக்காரர்களான ஐரிக் ஃபாட்லாண்டும் லார்ஸ் விங்கார்டும், டேனிஷ் இயக்குநர்களின் ‘டாக்மா 95’ திரைப்பட அறிக்கையை அடியொற்றி ‘டாக்மா 99’ வெளியிட்டார்கள். மையக்கதை கூடாது, மேசை விளையாட்டின் சாயல் கூடாது, ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைக்கக் கூடாது. பொருள் பற்றிய விதியில் ஃபோம் வாள் அடிபட்டுப் போயிற்று! அப்படியே பின்பற்றியவர்கள் சிலர்தான். ஆனால் லார்ப் கனமான விஷயங்களைத் தாங்குமா என்ற தயக்கம் அகன்றது. 1980-களின் நியூயார்க்கில் எய்ட்ஸ் பரவிய நாட்களை மையமாக வைத்து 2011-இல் ‘ஜஸ்ட் எ லிட்டில் லவ்வின்’ ஆடப்பட்டது.

வகுப்பறைக்குள்ளும் லார்ப் நுழைந்துவிட்டது: டென்மார்க்கின் ஹோப்ரோ ஊரில் 2006 முதல் நடக்கும் ஓஸ்டர்ஸ்கோவ் உறைவிடப் பள்ளியில் வரலாறும் கணக்கும்கூட இப்படி வேடமிட்ட கதைகளின் வழியேதான் கற்பிக்கப்படுகின்றன.