அத்திவாரத்தோடு நின்ற வீடுகள்

யாழ்ப்பாணத்தில் வீடு ஒரே மூச்சில் எழுவதில்லை. நிலையம் எடுத்து, நாள் பார்த்து அத்திவாரக்கல் வைப்போம். வலிகாமத்தில் கிடங்கு வெட்டினால் கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும். கிளப்பிய கல்லே அத்திவாரத்துக்கும் போகும். பிறகு காசு சேரும்வரை காத்திருப்போம். மகளின் சீதனத்துக்கென்று தொடங்கிய வீடு பல மாரி கண்டபின்தான் கூரை காணும்.

1990இல் அந்தக் காத்திருப்பின் பொருளே மாறியது. போர் மீண்டும் மூண்டதோடு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நின்றுபோனது. வடக்குக்குச் சீமெந்து கொண்டுசெல்வதையும் அரசு தடைசெய்தது. பதுங்குகுழிகளுக்குப் போய்விடும் என்பது சொல்லப்பட்ட காரணம். தெற்குக்கும் சீமெந்து அனுப்பிய மண்ணில் ஒரு பை சீமெந்து அரும்பொருளானது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, அத்திவாரத்தோடு நின்ற வீடுகளையும் விட்டுத்தான் நடந்தோம்.

போர் 2009இல் முடிந்தது. 2012இல் விரிவாக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே கட்டினர். ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளாக வந்தது. முடித்த வேலையைப் பார்த்தே அடுத்த தவணை. ஆகவே அத்திவாரம் அவர்களது முதற் பரீட்சையானது.

பனிநாடுகளில் நாம் கடன்பட்டு வாங்கிய வீடுகளின் அத்திவாரத்தை நாம் கண்டதில்லை. ஊரில் நாம் போட்டதோ பற்றைக்குள் கிடக்கிறது. காணியில்லாத உறவினர் ஒருவர் அதன்மேல் வீடு எழுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். மறுக்க எமக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் பதில் எழுதக் கை வரவில்லை.