பெட்டியில் வந்த ஃபோர்ட்

கோடை வந்தால் ஒன்ராறியோவின் சிறு நகரங்களில் பழைய கார்களின் கண்காட்சிகள் தொடங்கிவிடும். கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களில் பொனற்றைத் திறந்துவைத்து, பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு உரிமையாளர்கள் அமர்ந்திருப்பார்கள். பார்க்க வருபவர்களில் சிலர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பதுண்டு. ‘1932 ஃபோர்ட்’ என்று எழுதிய காரின் கதவில் அதை வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டிக்கொண்டால் உருக்குத் தகடு. வழுக்கி விழுந்தால் பைபர்கிளாஸ். அதாவது பிற்காலத்தில் அச்சில் வார்த்து, உதிரிகளோடு பெட்டியில் விற்கப்பட்ட ‘கிட் கார்’. காந்தத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் அடுத்த காருக்குப் போய்விடுவார்கள்.

அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு நெடுநாள் வழக்கு இருக்கிறது. பெட்டியில் வாங்கிப் பூட்டிய நகல் கார் ‘ஹாட் ராட்’ என்ற பெயருக்கு உரியதா? யாரோ சிலரின் பொழுதுபோக்குச் சண்டை என்று நாம் கடந்து போய்விடலாம். ஆனால் இந்தக் கதையின் முக்கியமான ஒரு பகுதி, ரொறன்ரோவிலிருந்து நான்கு மணிநேரக் கார்ப் பயணத்தில் உள்ள விண்ட்சரில் தொடங்கிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வழக்கு வேறு மாதிரித் தெரியும்.

ஹாட் ராட் என்பது தென் கலிபோர்னியாவின் பிள்ளை. 1930களில் அங்கிருந்த இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்ட் கார்களை வாங்கி, மட்காட்டையும் கூரையையும் கழற்றி எடையைக் குறைத்து, இயந்திரத்தைத் திருத்தி, முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்ட் நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைவலு கொண்ட வி8 இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதனால்தான் இன்றும் அந்த ஆண்டுக் காருக்கு இத்தனை மவுசு. 1937இல் ஓட்டக்காரர்களின் கழகங்கள் சேர்ந்து தென் கலிபோர்னியாவில் ஒரு சங்கம் அமைத்தன. போர் முடிந்து இளைஞர்கள் திரும்பிய பின் இந்த ஆர்வம் நாடெங்கும் பரவியது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு சஞ்சிகை வெளிவந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாட் ராட் ஒருநாளும் ‘அசலாக’ இருந்ததில்லை. தொழிற்சாலை பூட்டியதைக் கழற்றுவதுதான் அதன் முதல் வேலை. ரி-பக்கெட் என்று சொல்லப்படும் வகையைப் புகழ்பெறச் செய்தது நோர்ம் கிரபோவ்ஸ்கி என்பவரின் கார். 1922ஆம் ஆண்டு மொடல் ரி ஒன்றின் முன்பாதி, மொடல் ஏ லொறியொன்றின் வெட்டிக் குறுக்கிய பின்பெட்டி, கடிலாக் கார் ஒன்றின் வி8 இயந்திரம் ஆகியவற்றைச் சேர்த்து அவர் அதை உருவாக்கினார். 1958இல் தொடங்கிய ‘77 சன்செற் ஸ்ட்ரிப்’ தொலைக்காட்சித் தொடரில் அந்தக் கார் வந்ததும் அமெரிக்கப் பையன்கள் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் மொடல் ரி உற்பத்தி 1927இலேயே நின்றுவிட்டது. துருப்பிடிக்காத உடல்களுக்கு எங்கே போவது? 1950களின் பிற்பகுதியில் பைபர்கிளாஸ் நகல்கள் வந்தன. 1960களில் உடலையும் சேசிஸையும் ஒன்றாகத் தபாலில் வாங்க முடிந்தது.

அப்போதே சண்டையும் தொடங்கியது. தூய்மைவாதிகளின் வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. பழைய தகட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது, துருவை வெட்டி ஒட்டுப்போடுவது, நெளிவை எடுப்பது என்று ஆண்டுக்கணக்கில் பட்ட பாட்டையும், விரிப்பேட்டைப் பார்த்து ஆணி முடுக்கியதையும் எப்படிச் சமமாக வைப்பது என்று கேட்கிறார்கள். அந்தத் தகட்டில் ஒரு காலம் இருக்கிறது, வார்ப்பச்சில் அது இல்லை என்கிறார்கள். எதிர்த்தரப்புக்கும் பதில் உண்டு. 1932இல் செய்த உடல்கள் எண்ணிக்கையில் முடிந்துபோனவை. மிஞ்சியிருப்பதில் ஒன்றை வெட்டி ஹாட் ராட் செய்தால் ஒரு அசல் அழிகிறது. நகலை வெட்டினால் எதுவும் அழிவதில்லை. இன்று ஒஹாயோவின் புரூக்வில் நிறுவனம் 1932ஆம் ஆண்டின் உடலை உருக்குத் தகட்டிலேயே புதிதாகச் செய்து விற்கிறது. காந்தம் அதிலும் ஒட்டும்.

இனி விண்ட்சர். டிட்ரோயிட் நகரத்துக்கு எதிரே, ஆற்றின் இக்கரையில் அப்போது வாக்கர்வில் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கிருந்த ஒரு வண்டிப் பட்டறையில் 1904 ஆகஸ்டில் ஃபோர்டின் கனடிய நிறுவனம் உருவானது. தொடக்கத்தில் டிட்ரோயிட்டிலிருந்து படகில் வந்த பாகங்களைத்தான் இங்கே பூட்டினார்கள். முதலாண்டில் செய்த கார்கள் 117. இன்றைய மொழியில் சொன்னால், கனடாவின் முதல் ஃபோர்ட் கார்களே கிட் கார்கள்தான்.

பிரித்தானியாவும் அயர்லாந்தும் நீங்கலாக, பேரரசு முழுவதிலும் ஃபோர்ட் விற்கும் உரிமை இந்தக் கனடிய நிறுவனத்திடம் இருந்தது. பேரரசுக்குள் செய்த பொருளுக்குச் சுங்கத்தில் சலுகை கிடைத்ததே காரணம். முழுக் காராக அனுப்பினால் கப்பலில் இடம் பிடிக்கும். பிரித்துப் பெட்டிகளில் அடுக்கினால் கூலி குறையும், தீர்வையும் குறையும். ஆகவே தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் துணை நிறுவனங்கள் எழுந்தன. 1926இல் ஃபோர்ட் இந்தியாவும் ஃபோர்ட் மலாயாவும் தொடங்கின. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் பூட்டும் கூடங்கள் இயங்கின. ஒன்ராறியோவில் மரப்பெட்டிக்குள் போன வலப்பக்கச் சுக்கான் ஃபோர்ட் கார், சென்னையில் தமிழ்த் தொழிலாளர் கையால் காராகி வெளியே வந்தது. சிங்கப்பூர் புக்கித் தீமாவில் ஃபோர்ட் மலாயா 1941இல் கட்டிய தொழிற்சாலையும் இதே வேலைக்கானதுதான். 1942 பெப்ரவரி 15 அன்று பிரித்தானியப் படைகள் ஜப்பானியரிடம் சரணடைந்தது அந்தக் கட்டடத்தில். 1950களின் முற்பகுதியில், உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்கக் கூடாது என்று இந்திய அரசு முடிவு செய்தபோது ஃபோர்ட் அங்கிருந்து வெளியேறியது.

சென்னையில் பூட்டிய அந்த மொடல் ஏயை எவரும் நகல் என்று சொல்வதில்லை. அதை ‘கிட்’ என்று ஒதுக்குவதும் இல்லை. அப்படியானால் பெட்டியில் வந்தது குற்றமில்லை. பூட்டியவர் யார் என்பதும் குற்றமில்லை. மிஞ்சுவது இரண்டு: ஃபோர்ட் நிறுவனத்தின் அனுமதியோடு வந்ததா, அந்தக் காலத்திலேயே வந்ததா? தூய்மைவாதிகளின் உண்மையான கேள்வி இவைதான். பைபரும் உருக்கும் அதற்குப் போட்ட சட்டை.

இந்தக் கேள்விகளோடு யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் எல்லாம் அங்கே அரை நூற்றாண்டைத் தாண்டி வாடகைக்கு ஓடின. 1990இல் போர் மீண்டும் மூண்டு பெற்றோலுக்குத் தடை வந்தபின் அவை மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் இது முடிந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும், புகையும் கக்கும். ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனார், பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் போனார்கள். கலிபோர்னியாப் பையன்கள் வேகத்துக்காகச் செய்ததை எங்கள் மெக்கானிக்குகள் ஓடுவதற்காகச் செய்தார்கள். ஹாட் ராட் என்பது உரிமையாளர் கைவைத்து மாற்றிய கார் என்றால் அவற்றுக்கு அந்தப் பெயர் தாராளமாகப் பொருந்தும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ல்ஸ் வெயர் நிறுவிய மொறிஸ் மைனர் நிலையம், பழைய மைனர்களுக்கான தகடுகளை 1990களில் தென்னிலங்கையில் செய்வித்து எடுத்தது. பிறந்த நாட்டில் மறந்துபோன கைவேலை, ஏற்றுமதியான நாட்டில் உயிரோடு இருந்தது. இலங்கையில் செய்த மட்காட் பூட்டிய ஆங்கிலேய மைனர் அசலா, நகலா?

தூய்மைவாதிகள் சரியாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது தேதி. கரோல் ஷெல்பியின் கோப்ரா கார்கள் 1960களில் ஏறக்குறைய ஆயிரம்தான் செய்யப்பட்டன. நகல்களோ அதைவிடப் பல மடங்கு. 1993இல் லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ், 1965இல் மிஞ்சிய சேசிஸ் என்று சொல்லி ஷெல்பி விற்ற சில கோப்ராக்களின் சேசிஸ் புதிதாகச் செய்யப்பட்டது என்று எழுதியது. விற்றவர் அசல் கோப்ராவை உருவாக்கியவரேதான். நிறுவனத்தின் அனுமதி என்ற கேள்விக்கே இடமில்லை. ஆண்டு மட்டும்தான் பிழை. அதுவே பெரிய சர்ச்சையானது. மென்பொருள் துறையில் இருப்பவன் என்பதால் எனக்கு இது எளிதாக விளங்குகிறது. நாங்கள் எவரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. பிறர் எழுதிய துண்டுகளைப் பொருத்துகிறோம். அதில் வெட்கமில்லை. எங்கிருந்து எடுத்தோம், எந்தப் பதிப்பு என்பதை மாற்றி எழுதுவதுதான் தவறு.

சட்டங்களும் மெல்ல இந்த வழிக்கே வருகின்றன. அமெரிக்காவில் 2015இன் ஒரு சட்டம், சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கு 325 நகல் கார்கள் வரை, நகல் என்றே சொல்லி விற்க வழி செய்தது. ஒன்ராறியோவின் ‘வரலாற்று வாகன’ இலக்கத் தகட்டுக்கு விதி வேறு: கார் 30 ஆண்டு கடந்திருக்க வேண்டும், தொழிற்சாலையிலிருந்து வந்தபடி பெரும்பாலும் மாறாமல் இருக்க வேண்டும். ஓடாமல் கராஜில் தூங்கிய கார் இதில் தேறிவிடும். போரை ஓட்டிக் கடந்த யாழ்ப்பாண ஒஸ்ரின் பெரும்பாலும் தேறாது.

என் முடிவு இது. கிட் கார் ஹாட் ராட் உலகத்துக்குள் வரலாம், இரண்டு நிபந்தனைகளோடு. தன் பிறந்த ஆண்டை மறைக்கக் கூடாது. உரிமையாளரின் கை அதில் பட்டிருக்க வேண்டும். காசோலை எழுதி முழுதாக வாங்கிய உருக்குக் காரைவிட, ஒரு தந்தையும் மகளும் மூன்று குளிர்காலம் கராஜில் முழந்தாளிட்டுப் பூட்டிய பைபர் கார் அந்த மரபுக்கு நெருக்கமானது.

நம் வீடுகளிலும் காந்தத்தோடு அலைபவர்கள் உண்டு. சனிக்கிழமை வகுப்பில் பாடப்புத்தகத்திலிருந்து தமிழைத் துண்டு துண்டாகப் பூட்டும் பிள்ளையின் ‘ழ’கரத்தில் அதை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்று பேசாமல் போய்விடுகிறார்கள். அந்தப் பிள்ளை தான் யாழ்ப்பாணத்தில் பிறந்ததாகச் சொல்லவில்லை. ரொறன்ரோவில், பெட்டியில் வந்த பாகங்களைக் கொண்டு, தன் கையால் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எந்த ஆணி இறுகவில்லை என்று பார்த்துச் சொல்வது நம் வேலை.